அழாமல் எடை பார்க்க ஒரு பை

எங்கள் டிரஸ்டின் வாட்ஸ்அப் குழுவைத் திறந்தாலே எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். காலையில் பூங்கொத்துப் படங்கள், மாலையில் கைகூப்பும் பொம்மைகள், நடுவில் செயலாளரின் ஒரே கேள்வி: இந்த மாதப் போட்டோ எங்கே? டிரஸ்டு என்பது செம்பூரில் ஒரு பல் டாக்டரின் மாடியில் இரண்டு அறை. நாங்கள் நடத்துவது ஒரே ஒரு பால்வாடி. அது அங்கிருந்து அரை நாள் பயணத்தில், மலைமேல், முப்பது குடிசைகள் உள்ள ஒரு பழங்குடிப் பாடாவில் இருக்கிறது.

செம்பூரிலிருந்து குர்லா, அங்கே மாறிக் கசாரா லோக்கல் ரயில், பிறகு ஆடு கோழியோடு நெருக்கியடித்து ஒரு ஜீப், கடைசியில் ஒரு மணி நேரம் ஏற்றம். மாதம் இரண்டு முறை நான் போவேன். குழுவின் பெரியவர்கள் யாரும் கசாராவைத் தாண்டியதில்லை. செயலாளர் மாட்டுங்காக்காரர், பாங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர், அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன்.

குழந்தைகளுக்கு முட்டை கொடுக்க அவரைச் சம்மதிக்க வைக்கவே ஆறு மாதம் ஆனது. சம்மதித்த பிறகும் முட்டை என்ற சொல்லைக் குழுவில் எழுதக்கூடாது என்றார். ‘சிறப்பு ஊட்டம்’ என்று எழுத வேண்டுமாம். படம் எடுத்தால் வாழைப்பழம் முன்னால் இருக்க வேண்டுமாம். இது போதாதென்று ஐரோலியிலிருந்து ஒரு கம்பெனிப் பிள்ளைகள் இருபது பேர் வந்து பால்வாடிச் சுவரில் ஒட்டகச்சிவிங்கி வரைந்துவிட்டுப் போனார்கள். கூரை ஓடுகளை மாற்றித் தாருங்கள் என்றுதான் நாங்கள் கேட்டிருந்தோம். இன்றும் மழை பெய்தால் அந்த ஒட்டகச்சிவிங்கியின் முகத்தில்தான் தண்ணீர் வழிகிறது.

எடை பார்க்கும் நாள் இன்னொரு கூத்து. உத்தரத்தில் ஸ்பிரிங் தராசைத் தொங்கவிட்டு, அதன் கொக்கியில் ஜட்டி மாதிரி ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டுவோம். பால்வாடி டீச்சர் குழந்தையைத் தூக்கி அதற்குள் கால்களை நுழைப்பாள். நான் எதிரே நின்று முள்ளைப் படித்து அட்டையில் குறித்துவிட்டுப் படம் எடுப்பேன். அட்டையில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று பட்டை. சிவப்பில் இருக்கும் குழந்தைக்கு மட்டும் தினமும் இன்னொரு வேளைச் சாப்பாடு உண்டு: சோறு, பருப்பு, ஒரு முட்டை, இரண்டு கடலை உருண்டை. மஞ்சளுக்கு ஏறிவிட்டால் அது நின்றுவிடும். செம்பூரில் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து போட்ட விதி இது.

அந்தப் பழைய பிளாஸ்டிக் கிழிந்துபோய்த் தொடையை அறுக்கும். குழந்தைகள் பாடா அதிர அலறும்.

“என்னம்மா இது, எல்லாப் போட்டோலயும் கொழந்தைகள் அழறதே. பாக்கறவா என்ன நினைச்சுப்பா?” என்றார் செயலாளர்.

“வலிக்குதுன்னு நினைப்பாவ சார்” என்றேன். அவர் பேச்சை மாற்றிவிட்டார்.

எனக்கும் அந்த அலறல் அலுத்துப்போயிருந்தது. நான் தாராவிக்காரி. எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் ஆபீஸ் பைகள் தைக்கும் பட்டறை இருக்கிறது. அதை நடத்தும் பாய்க்கும் திருநெல்வேலிப் பக்கம்தான். கிழிந்த பையை அவர் முன்னால் போட்டேன். அவர் அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

“அக்கா, இதுலயா பிள்ளையள உக்கார வைக்கிதீய? நான் செஞ்சு தாரேன், ஏக்தம் பக்காவா. பத்து வருசத்துக்கு அசையாது பாத்துக்கிடுங்க.”

அப்படித்தான் செய்தும் தந்தார். கனத்த கான்வாஸ், விளிம்பெல்லாம் தோல், உள்ளே பஞ்சு மெத்தை, இடுப்புக்குப் பட்டை, நாலு பித்தளை வளையம். கசாரா லோக்கலில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் இருந்த பெண் இது எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பாடாவில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஒருத்தி சிவப்பிலேயே கிடந்தாள். புதுப் பைக்கு முந்திய மாதம் ஒன்பது கிலோ நானூறு. புதுப் பையில் உட்கார்ந்ததும் காலை ஆட்டிக்கொண்டு சிரித்தாள். முள் பத்தில் நின்றது. மஞ்சள். நான் கைதட்டினேன். அன்று எல்லாக் குழந்தைகளுக்குமே எடை கூடியிருந்தது. முட்டை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். சிரிக்கிற குழந்தையும் பத்தைத் தொட்ட முள்ளுமாக ஒரு படம் அனுப்பினேன். “போட்டோன்னா இப்படின்னா இருக்கணும்” என்று செயலாளர் எழுதினார். மறுநாளிலிருந்து அவளுக்கு அந்த இன்னொரு வேளைச் சாப்பாடு நின்றது.

அடுத்த முறை போனபோது அவளுடைய அம்மா என்னைத் தேடி வந்தாள். தலையில் விறகு, இடுப்பில் குழந்தை என்று தினமும் அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறவள். குழந்தைக்கு எடை ஏறவில்லை, என் இடுப்புக்குத் தெரியும் என்று மராத்தியில் சொன்னாள். நான் அட்டையை எடுத்து மஞ்சளுக்கு ஏறியிருந்த கோட்டைக் காட்டினேன். மறுபடியும் அதையே சொன்னாள். எனக்கு அன்று ஜீப்புக்கு நேரமாகிவிட்டிருந்தது. உன் இடுப்பு என்ன தராசா என்று கேட்டேன். டீச்சர் சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு போய்விட்டாள்.

அதற்குப் பிறகும் இரண்டு முறை எடை பார்த்தோம். இரண்டு முறையும் பத்து. ஒரே தாவலில் ஏறிய கோடு அப்படியே படுத்துக்கிடந்தது. கண் இருக்கிறவள் யோசித்திருப்பாள். நான் ‘நிலையாக உள்ளது’ என்று எழுதினேன்.

மழையில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா தூக்கிக்கொண்டு தாலுகா ஆஸ்பத்திரிக்கு இறங்கிவிட்டாள். தகவல் தெரிந்து நான் போனபோது நர்ஸ் ஒன்பது கிலோ இருநூறு என்று எழுதிக்கொண்டிருந்தாள். நான்கு நாள் முன்னால் நானே பார்த்தேன், பத்து கிலோ இருந்தாள், உங்கள் மெஷின்தான் சரியில்லை என்று சண்டைக்குப் போனேன். அவள் மேஜைமேல் இருந்த ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து மெஷினில் வைத்தாள். சரியாக ஒரு கிலோ காட்டியது. பாட்டிலை எடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனாள்.

மறுநாள் மழையோடு மலை ஏறினேன். தராசைத் தொங்கவிட்டேன். பாய் தைத்துக் கொடுத்த பையை வெறுமனே மாட்டினேன். முள் நகர்ந்து அறுநூறு கிராமில் நின்றது.

தராசின் தலையில் ஒரு திருகு இருக்கிறது. பையை மாட்டியதும் அதைத் திருகி முள்ளைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் குழந்தையை வைக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக்குக்கு எடையே கிடையாது என்பதால் நாங்கள் யாரும் வருஷக்கணக்காக அதைத் தொட்டதில்லை. இதில் கேவலம் என்னவென்றால், அந்தத் திருகைப் பற்றி டீச்சருக்குப் பயிற்சி கொடுத்தவளே நான்தான். அவள் என்னைப் பார்த்தாள். நான் ஒட்டகச்சிவிங்கியைப் பார்த்தேன். இன்னும் இரண்டு குழந்தைகளுக்கும் இதேபோல் சாப்பாட்டை நிறுத்தியிருந்தோம்.

சிக்னல் கிடைக்கும் பாறைவரை ஏறிச் செயலாளருக்குப் போன் போட்டேன்.

“வருஷ ரிப்போர்ட் பிரஸ்ஸுக்குப் போயாச்சேம்மா. முன் அட்டையிலயே அந்தக் கொழந்தைதான் சிரிச்சுண்டிருக்கு” என்றார். பிறகு, “அறுநூறு கிராம்தானே?” என்றார்.

“சார், அவ மொத்தமே ஒம்பது கிலோ சார்.”

அதற்குமேல் என்னென்னவோ கத்தினேன். முட்டை, வாழைப்பழம், கைகூப்பும் பொம்மை எல்லாம் வந்தது. அவரைத் திட்டுவது எனக்கு எளிதாக இருந்தது. என்னைத் திட்ட அங்கே ஆள் இல்லை.

மலை இறங்கி நேரே ஆஸ்பத்திரிக்குப் போனேன். அம்மா கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. எனக்குத் தெரிந்த மராத்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். பையின் எடையையும் சேர்த்து எழுதிவிட்டோம், நீ சொன்னதுதான் சரி என்றேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

“அந்தச் சாப்பாடு திரும்பக் கிடைக்குமா?” என்று கேட்டாள்.

கிடைக்கும் என்றேன், செம்பூரைக் கேட்காமலே.

“போன இரண்டு மாதத்துச் சாப்பாடும் சேர்த்தா?”

அவள் குத்திக்காட்டவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவள் கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவ எழுந்தாள். குழந்தை அழத் தொடங்கியது, வேறு யாரும் பக்கத்தில் இல்லை. மாதாமாதம் எதிரே நின்று முள்ளைப் படித்தவளே தவிர, நான் அந்தக் குழந்தையை ஒரு நாளும் தூக்கியதில்லை. அன்று தூக்கி இடுப்பில் வைத்தேன். என் இடுப்புக்கும் தெரிந்தது.