காய்ந்த சாரன்

கடல் பொங்கிய அன்று என் தம்பியைக் கடல் தொடவே இல்லை. இதை எங்கள் சாய்ந்தமருதுவில் யாரிடமும் நான் சொன்னதில்லை.

அலையைக் கண்டதும் பள்ளிவாசல் மாடிக்கு ஓடினோம். முன்னால் ஏறிய தம்பியை, "கெதியா ஏறுடா!" என்று நான்தான் தள்ளினேன். விழுந்தவனின் தலை சிமெந்துப் படியில் மோதியது. உடனே எழும்பி, "ஒண்டுமில்ல காக்கா" என்று சிரித்தான். மத்தியானம் வரை இறந்தவர்களின் ஜனாஸாக்களும் தூக்கினான்.

பின்னேரம் அஸர் தொழுதபின் தலையைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தான். நாங்கள் ஒதுங்கியிருந்த முகாமில் பாதிப் பேர் அப்படித்தான் உப்புத்தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தார்கள். காயக்காரரைப் பார்க்க வந்த தாதி ஒருவர் அவனருகே குந்தினார்.

"தலையில அடிகிடி பட்டதா?"

அவன் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். நான் தள்ளியது வெளியே வந்துவிடுமே என்ற வெட்கம்.

"இல்ல மிஸ், கடல்தண்ணி குடிச்சிட்டான்."

"சாரன் காஞ்சி கிடக்கே?"

"உடுப்பு மாத்தியாச்சி! உங்களுக்கு வேற வேலையில்லயா?" என்று கத்தினேன். அவர் எழும்பி அடுத்தவரிடம் போய்விட்டார்.

தம்பி நித்திரை வருகிறது என்றான். நானே பாய் விரித்துக் கொடுத்தேன். எழுப்பியபோது எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் டொக்டர், "மூளைக்குள்ள ரத்தம் கசிஞ்சிருக்கு. முதலே கொண்டு வந்திருக்கலாமே" என்றார். வீட்டிலும் ஊரிலும் நான் கடல்தண்ணிக் கதையையே சொன்னேன்.

அதற்குப் பிறகு வருசங்கள் ஓடி, நாட்டில் யுத்தமும் முடிந்துவிட்டது. "கடல் கொண்டுபோன புள்ள, சபூர் செய்ங்க" என்று இப்போதும் யாராவது ஆறுதல் சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. உம்மா இன்றைக்கும் கடலைத்தான் ஏசுகிறா. நான் பக்கத்திலேயே உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.