விழுவாரும் தூக்கிவிட்டவரும்

விழுந்து விழுந்து வேலை செய்வதாக எல்லா அலுவலகங்களிலும் எல்லோரும் சொல்லிக்கொள்வார்கள். அதை அப்படியே செய்து சம்பளம் வாங்கியவர் அந்த ஊரில் ஒருவர்தான். பல்கலைக்கழக உளவியல் துறையில் அவருடைய பதவிக்குக் 'களப் பணியாளர், இரண்டாம் நிலை' என்று பெயர். முதல் நிலை என்று யாரும் கிடையாது. துறையில் எல்லோரும் அவரை மரியாதையாக 'விழுவார்' என்று அழைத்தார்கள்.

ஊரில் இரண்டு பந்தாட்ட அணிகள், சிவப்பு ஒன்று, பச்சை ஒன்று. ஆட்ட நாட்களில் ஊர் இரண்டாகிவிடும். அன்றைக்கு ஆளைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை, சட்டையைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள். பேருந்து நிலையத்துக்கும் மைதானத்துக்கும் நடுவில் ஒரு நீளமான கல் படிக்கட்டு இருந்தது. விழுவார் ஒரு நாள் சிவப்புச் சட்டையிலும் மறுமுறை பச்சைச் சட்டையிலுமாக அதில் இறங்கி வருவார். எதிரே யாராவது தனியாக ஏறி வந்தால் தடுக்கி விழுந்து, கணுக்காலைப் பிடித்துக்கொண்டு முனகுவார். வந்தவர் தூக்குகிறாரா, தாண்டிப் போகிறாரா என்பதை எதிர்க் கடையின் மாடி ஜன்னலிலிருந்து மாணவர்கள் குறித்துக்கொள்வார்கள். கேமராவும் ஓடும். மனிதனுடைய கருணை சட்டையின் நிறத்தைக் கேட்டுக்கொண்டுதான் புறப்படுகிறதா என்று கண்டுபிடிப்பது பேராசிரியை அம்மாளின் ஆயுள்கால ஆராய்ச்சி.

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். யானைக்கு எப்போதாவது சறுக்கும். விழுவாருக்கு அட்டவணைப்படி சறுக்க வேண்டும். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று பெருமை பேசுகிறவர்கள் உண்டு. இவருக்கு மண் ஒட்டினால்தான் உத்தியோகம்.

இந்த வேலை கிடைத்ததும் ஒரு விழுதலால்தான். அதற்கு முன்னால் அவர் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். துறைக்கு ஓர் ஏவலாள் வேண்டும் என்று கேள்விப்பட்டு நேர்முகத்துக்குப் போனபோது கம்பளத்தின் ஓரம் தடுக்கி, பேராசிரியையின் மேஜைக்கு நேர் எதிரே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். அம்மாள் எழுந்து வந்து பார்த்து, "இதையே இன்னொரு தடவை செய்ய முடியுமா?" என்று கேட்டார். வெட்கத்தோடு இன்னொரு தடவை விழுந்தார். வேலை உறுதியாயிற்று. உறவினர்கள் கேட்டால் அவருடைய மனைவி, "அவரு ஆராய்ச்சியில இருக்கார்" என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவாள்.

வேலையில் விட முடியாத விதி ஒன்று இருந்தது. தூக்கிவிட்டவரை ஓரமாக அழைத்துப் போய், விழுந்தது வேஷம், மன்னிக்க வேண்டும் என்று உண்மையைச் சொல்லி அனுப்ப வேண்டும். சிலர் சிரித்தார்கள், சிலர் திட்டினார்கள். ஓர் அம்மாள் மட்டும், "அசல் விழுந்த மாதிரியே இருந்துச்சுப்பா" என்று பாராட்டிவிட்டுப் போனார். விழுவார் அந்த விதியை ஒரே ஒரு முறைதான் மீறினார். இந்தக் கதை அந்த மீறலைப் பற்றியது.

அன்றைக்கு அவர் சிவப்புச் சட்டையில் இருந்தார். பச்சைச் சட்டை போட்ட ஒருவர் ஏறி வந்தார். கடைத்தெருவில் பூட்டுச் சாவி செய்கிறவர். பச்சைக்காரர் சிவப்புக்காரனைத் தாண்டிப் போவார் என்பதுதான் கணக்கு. பூட்டுக்காரரோ பாய்ந்து வந்து தூக்கினார், தோளில் சாத்திக்கொண்டார், "பேசாதப்பா, வலி கூடும்" என்று வாயை அடைத்தார், வண்டி பிடித்து மருத்துவரிடமே கொண்டுபோய்விட்டார். எலும்பில் ஒன்றுமில்லை என்ற மருத்துவரைக் கண்டபடி திட்டிவிட்டு, தன் கடைக்கு அழைத்துவந்து, காலை மடியில் தூக்கி வைத்து எண்ணெய் தேய்க்கத் தொடங்கினார். தன் காலை மடியில் வைத்திருக்கிறவனிடம் எந்த வாயால் உண்மையைச் சொல்வது? நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று விழுவார் கண்ணை மூடிக்கொண்டார். துறையில் கேட்டதற்கு, "சொல்லியாச்சு மேடம்" என்றார்.

அந்த நாளை வரவேயில்லை. பூட்டுக்காரர் மறுநாள் நலம் விசாரிக்க வந்தார், அடுத்த நாளும் வந்தார். சில வருடங்கள் இப்படி ஓடின. விழுவாருக்கு உலகத்தில் மனம்விட்டுப் பேச மனைவிக்கு அடுத்தபடியாக ஓர் ஆள் உண்டென்றால் அது பூட்டுக்காரர்தான். ஒரே ஓர் இடைஞ்சல், அவர் எதிரில் நொண்ட வேண்டும். மாலையில் கடைக்குக் கிளம்பும்போதெல்லாம் மனைவி வாசலில் நின்று, "என்னங்க, இன்னைக்கு எந்தக் கால்?" என்று ஞாபகப்படுத்துவாள்.

அதைவிட மனதைத் தொட்ட விஷயம் ஒன்று இருந்தது. அந்த நாளுக்குப் பிறகு பூட்டுக்காரரைப் பச்சைச் சட்டையில் பார்க்கவே முடியவில்லை. எந்த ஆட்டமானாலும் சிவப்புத்தான். "எனக்காக அணியையே மாத்திக்கிட்டான்டி" என்று விழுவார் மனைவியிடம் தழுதழுத்தார். பதிலுக்கு அவரும் நாணயமாக நடந்துகொண்டார். பந்தாட்டத்தில் தலையும் புரியாமல் வாலும் புரியாமல் சிவப்பு ஜெயித்தால் குதித்தார், தோற்றால் சோறு இறங்காமல் உட்கார்ந்திருந்தார். பச்சை முறை நாட்களில் வேலை முடிந்ததும் சட்டையை மாற்றிக்கொண்டுதான் அவர் கண்ணில் பட்டார்.

இந்த நிலையில்தான் பேராசிரியை ஒரு பெரிய உரைக்கு ஏற்பாடு செய்தார். நகர அரங்கில் பொதுமக்கள் முன்னிலையில் பேசப் போவதாகவும், படிக்கட்டில் எடுத்த படத்தைப் போட்டுக் காட்டப் போவதாகவும் சொன்னார்.

"எதிர் அணிக்காரரை அவ்வளவு அன்பா தூக்கினவர் இத்தனை வருஷத்துல அந்த ஒருத்தர்தான். அவரை மேடைக்குக் கூட்டிட்டு வரணும். நீங்க ரெண்டு பேரும் கடைத்தெருவுல சேர்ந்து போறதைப் பார்த்ததா மாணவர்கள் சொன்னாங்களே?"

"போவோம் மேடம்."

"நல்லது. உண்மை தெரிஞ்ச பிறகும் சிநேகமா இருக்காரே, பெரிய மனசு."

விழுவார் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஊரே கூடிய அரங்கில், திரையில் தன் முகத்தைப் பார்த்துப் பூட்டுக்காரர் உண்மையைத் தெரிந்துகொள்வதா? சொன்னால் சிநேகம் போகலாம். சொல்லாவிட்டால் சிநேகத்தோடு மானமும் போகும். அன்று மாலையே கிளம்பினார். மனைவி வழக்கமான கேள்வியைக் கேட்டாள். "எந்தக் காலும் இல்லை" என்று சொல்லிவிட்டு நேராக நடந்தார்.

பூட்டுக்காரரின் கடை ஒரு கட்டடத்தின் மாடிப்படிக்குக் கீழே இருந்த முக்கோண இடம். நிமிர்ந்தால் தலை இடிக்கும். சுவர் முழுக்கச் சாவிகள் தொங்க, அவர் இயந்திரத்தில் ஒரு சாவிக்குப் பல் வெட்டிக்கொண்டிருந்தார்.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்பா."

"சத்தமாச் சொல்லு. மெஷின் ஓடுது."

"என் கால்ல ஒண்ணும் இல்லை."

"நான் அப்பவே சொன்னேன்ல, அந்த எண்ணெய் விடாது."

"அதில்லப்பா. எப்பவுமே ஒண்ணும் இல்லை."

இயந்திரம் நின்றது. விழுவார் நின்ற நிலையிலேயே, தலை இடிக்க இடிக்க, துறை, அட்டவணை, ஜன்னல், கேமரா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். பூட்டுக்காரர் சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்போ அன்னைக்கு நீ விழலை."

"விழுந்தேன். ஆனா விழலை."

"அந்த டாக்டரை நான் அவ்வளவு பேச்சு பேசினேனே. அவர் முகத்துல முழிக்க முடியாம இன்னைக்கு வரைக்கும் அந்தத் தெருவைச் சுத்திப் போறேன்."

"தப்புதான்."

பூட்டுக்காரர் சாவியைக் கீழே வைத்தார். பிறகு, யாரும் எதிர்பாராத விதமாக, சிரித்தார். "போகட்டும். தொழில்னா அப்படித்தான். கம்பியை விட்டா உடனே திறக்கிற பூட்டு இருக்கே, அதையே நான் வேர்க்க விறுவிறுக்கத் திறப்பேன். அப்பதான் வீட்டுக்காரருக்கு மனசு ஆறும். உட்காரு."

விழுவாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முக்காலியில் உட்கார்ந்தார். ஆனால் பூட்டுக்காரர் மெதுவாக அடுத்த கேள்விக்கு வந்தார்.

"அந்தச் சிவப்புச் சட்டை?"

"அது துறைச் சட்டை. அன்னைக்குச் சிவப்பு முறை."

"அப்போ நீ சிவப்பு இல்லை?"

"நான் ஒண்ணுமே இல்லைப்பா. பந்தை எதுக்கு உதைக்கிறாங்கன்னே எனக்குச் சரியாத் தெரியாது."

நடித்த காலை மன்னித்த மனிதரின் முகம் இதைக் கேட்டதும் இருண்டது. "கடைசி ஆட்டத்துல நாம தோத்தப்போ, என் தோள்ல சாஞ்சு அழுதியே."

"நீ அழுதே. பார்த்ததும் எனக்கும் வந்துடுச்சு."

"நம்ம ஆளுன்னு நினைச்சேன்யா உன்னை."

"நீ எனக்காகப் பச்சையை விட்டுட்டு வந்தே, பதிலுக்கு நான் இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"

"யாரு பச்சையை விட்டது?" பூட்டுக்காரர் எழுந்தார், தலை இடித்தது, தடவிக்கொண்டே பேசினார். "நான் பிறந்ததுலேருந்து சிவப்பு. அன்னைக்கு மச்சான் வீட்டுக் கதவுக்கு எண்ணெய் விடப் போனேன். எண்ணெய் என் சட்டையில கொட்டிடுச்சு. அவன் சட்டையைக் குடுத்தான். அவன் பச்சை. அந்தக் கண்றாவியை உடம்புல மாட்டிக்கிட்டு, நம்மாளு யாரும் பார்த்துடக் கூடாதேன்னு குனிஞ்சுக்கிட்டே வந்தேன். அப்பதான் நீ விழுந்தே. நம்ம சட்டை."

விழுவாருக்குத் தலை சுற்றியது. பேராசிரியையின் ஒரே உத்தமர், எல்லை கடந்த கருணையாளர், தன் கட்சிக்காரனைத்தான் தூக்கியிருக்கிறார்.

"அப்போ நான் பச்சைச் சட்டையில விழுந்திருந்தா?"

பூட்டுக்காரர் தொழிலுக்கு வெளியே பொய் சொல்லத் தெரியாதவர். கூரையைப் பார்த்தார், சாவிகளைப் பார்த்தார். "தெரியலைப்பா. எனக்கு அவசர வேலை வேற இருந்துச்சு."

"கடையைச் சாத்தணும்" என்றார் பூட்டுக்காரர், வெளியே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே.

வீட்டில் விழுவார் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஏமாத்தினது நான்தான்டி. ஆனா ஏமாந்தவன் மாதிரி இருக்கிறதும் நானாத்தான் இருக்கேன்."

மனைவி வழக்கு விசாரிப்பதுபோல எதிரில் உட்கார்ந்தாள். "இருங்க. நீங்க பொய்யா விழுந்தீங்க. அவரு நிஜமாத் தூக்கினாரு. ஆனா தூக்கினது உங்களை இல்லை, சட்டையை. அப்புறம் இத்தனை வருஷமா எண்ணெய் தேச்சது யாருக்கு? சட்டைக்கா, காலுக்கா?"

"அதான் குழப்பமா இருக்கு."

"எங்க அப்பா உங்களை வேற யார் வீட்டுப் பிள்ளையோன்னு நினைச்சுத்தான் கல்யாணத்துக்குச் சம்மதிச்சாரு. தெரிஞ்சப்புறம் நான் எழுந்து போயிட்டேனா?"

"ஏன் போகலை?"

மனைவி எழுந்து போய்த் தட்டை எடுத்து வைத்தாள். "சாப்பிட வாங்க" என்றாள்.

மறுநாள் விழுவார் பேராசிரியையிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார். "சட்டையைத்தானே பார்த்தோம். உள்ள இருந்தவரை யாரும் கேக்கலையே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நேர்மையான பெண்மணி. அரங்கத்தில் படத்தைப் போட்டார், இரவல் சட்டையையும் மறைக்காமல் சொன்னார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. யாரோ எழுந்து, அப்படியென்றால் மனிதர் நல்லவரா கெட்டவரா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றார். அம்மாள் தண்ணீர் குடித்தார். குடித்து முடித்த பிறகும் தம்ளரைக் கீழே வைக்கவில்லை. பூட்டுக்காரருக்கென்று முன்வரிசையில் போட்ட நாற்காலி காலியாகவே இருந்தது. விழுவார் பக்கத்து நாற்காலியில் இருந்துகொண்டு வாசலையே பார்த்தார்.

பூட்டுக்காரர் அந்த வாரமும் வரவில்லை, அடுத்த வாரமும் வரவில்லை. கடைப்பக்கம் போன விழுவார் இரண்டு முறை தெருமுனையோடு திரும்பிவிட்டார். நொண்டிப் போவதா, நேராகப் போவதா என்பதே பிடிபடவில்லை.

அடுத்த ஆட்ட நாள் வந்தது. அன்றைக்குப் பச்சை முறை. விழுவார் பச்சைச் சட்டையில் படி இறங்கிக்கொண்டிருந்தபோது, கீழேயிருந்து சிவப்புச் சட்டையில் ஒருவர் தனியாக ஏறி வந்தார். பூட்டுக்காரர். மாடி ஜன்னலில் மாணவன் கையைக் காட்டினான். விதி விதிதான். விழுவார் விழுந்தார்.

பூட்டுக்காரர் மூன்று படி கீழே நின்றுவிட்டார்.

"என்னப்பா இது?"

"வேலை" என்று முனகலுக்கு நடுவில் சொன்னார் விழுவார்.

"இப்போ தூக்கினா என்னன்னு எழுதுவாங்க?"

"தூக்கினார்னு."

"தெரிஞ்சே தூக்கினேன்னு எழுத மாட்டாங்களா?"

"அதுக்கு இடம் கிடையாது."

"தாண்டிப் போனா?"

"போனார்னு."

பூட்டுக்காரர் ஒரு காலை மேல் படியில் வைத்தார், எடுத்தார். தூக்கினால் நாடகம், தூக்காவிட்டால், பச்சைச் சட்டையைத் தூக்கியிருக்க மாட்டார் என்பது மெய்யாகிவிடும். முகம் கண்ணாமூச்சி ஆடுகிறவன் முகம்போல் திண்டாடியது. கடைசியில் மூன்று படியும் ஏறி வந்து, விழுவாருக்குப் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தார். மேலே ஜன்னலில் மாணவன் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி எட்டி எட்டிப் பார்த்தான்.

பச்சைச் சட்டைக்காரர் ஒருவர் வேகமாக ஏறி வந்து, கிடந்த பச்சையை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்த சிவப்பைக் கேட்டார். "என்னங்க, மயக்கமா? தண்ணி வேணுமா?"

"வேண்டாங்க. யோசிச்சிட்டிருக்கேன்."

அவர் ஒன்றும் புரியாமல் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்.

"நீ ஆட்டம் பார்க்கப் போறியா?" என்று கேட்டார் விழுவார், இன்னும் கணுக்காலைப் பிடித்தபடி.

"உன்னைப் பார்க்கத்தான் வந்தேன். கடையில உட்கார்ந்து யோசிச்சுப் பார்த்தேன். உன்மேல எதுக்குக் கோபம்னு பிடிபடலை. கோபம் மட்டும் இருக்கு."

"எனக்கும் அப்படித்தான் இருக்கு."

"எனக்குத்தானே இருக்கணும்? உனக்கு எதுக்கு?"

"அதான் தெரியலை."

மாணவன் ஜன்னலிலிருந்து கையை வீசினான். அடுத்த ஆள் வருகிறார், எழுந்திருங்கள் என்று அதற்கு அர்த்தம். இருவரும் அதைப் பார்க்கவில்லை.

"நாளைக்குக் கடைக்கு வர்றியா?" என்றார் பூட்டுக்காரர்.

"வரலாமா?"



"தெரியலை. நீ வா, வந்தப்புறம் பார்ப்போம்."