ஒன்பதை அழுத்தவும்

என் அக்காவின் ஆபீஸ் எங்கள் வீட்டுத் துணி அலமாரி. போர்வை, பழைய கோட்டு, அப்பாவின் கம்பளிச் சட்டை எல்லாம் சுற்றிலும் தொங்கும். நடுவில் ஒரு முக்காலி, ஒரு மைக். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாளானால் வீட்டில் ஃபேன் ஓடக்கூடாது, மிக்ஸி ஓடக்கூடாது, நான் தும்மக்கூடாது. எங்கேயாவது ஃபோன் செய்தால் ‘ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்’ என்று ஒரு பெண் சொல்வாளே, அது இவள்தான். மாதச் சம்பளமெல்லாம் கிடையாது. வருகிற வேலையை எடுத்து, பேசிக் கொடுத்து, வியர்த்து நனைந்து வெளியே வருவாள்.

மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை அப்படியே ஒப்பித்துவிட்டுப் போய்விடுவார்கள். இவள் அப்படியில்லை. கூப்பிடுகிற ஆள் யார், எந்த நிலைமையில் கூப்பிடுவார், அவர் கையில் என்ன இருக்கும் என்று குடைந்து குடைந்து கேட்பாள். ஒரு பல் டாக்டர் தன் பட்டங்களையெல்லாம் ஃபோனில் சொல்ல வேண்டுமென்று ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொண்டுவந்தார். “டாக்டர், கூப்பிடறவங்க ஒரு கையால கன்னத்தைப் பிடிச்சிக்கிட்டு இருப்பாங்க. இதையெல்லாம் கேக்கற நிலைமையிலயா இருப்பாங்க?” என்றாள். மனுஷன் சிரித்துவிட்டு எல்லாவற்றையும் அடித்தார். “கிளையன்ட் கேக்கறது ஒண்ணு, அவருக்கு வேணுங்கறது இன்னொண்ணுடி. அதைக் கண்டுபிடிக்கறதுதான் என் வேலை” என்பாள் என்னிடம். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டேன்.

அப்புறம்தான் செண்ட்டு வந்தான். அவனுக்கு வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லி என் வாயைக் கெடுத்துக்கொள்ள விருப்பமில்லை. மூச்சு விடச் சிரமப்படுகிறவர்களுக்கு வீட்டில் வைத்துக்கொள்ள ஆக்சிஜன் மெஷின் கொடுக்கும் ஒரு கம்பெனியின் மேலாளர் அவன். அக்காவோடு நானும் அவன் அறைக்குப் போயிருக்கிறேன். கதவைத் திறந்ததுமே செண்ட்டு வாசனை மூக்கில் குத்தும். மேஜை மேல் ஒரு பிளாஸ்டிக் செடி, இலையெல்லாம் தூசி. கொடுத்த டீயில் ஆடை படிந்திருந்தது. பேசும்போது அவன் உதட்டோரத்தில் வெள்ளையாக நுரை நிற்கும். பார்க்கச் சகிக்காமல் நான் செடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் எழுதி வைத்திருந்ததை அக்கா படித்துப் பார்த்தாள். முதலில் வரவேற்பு. புது மெஷின் வாங்க ஒன்று, வாடகைக்கு இரண்டு என்று போய், மெஷின் ஓடவில்லை என்று சொல்ல ஒன்பது. ஒன்பதை அழுத்தினால் மெஷினுக்கு அடியில் பொடி எழுத்தில் இருக்கும் நீளமான எண்ணை அழுத்த வேண்டும். தப்பினால் திரும்ப வரவேற்பு.

“சார், மெஷின் நின்னுபோச்சுன்னா பதறிப்போய் கூப்பிடுவாங்க. அதைப் போய் ஒன்பதுல வெச்சிருக்கீங்களே? முதல்ல கொண்டுவந்துடலாமே” என்றாள் அக்கா.

“அதெல்லாம் அப்படியே இருக்கட்டும் மேடம். நீங்க வாய்ஸ்ல மட்டும் அன்பைக் கூட்டுங்க. மெதுவா, இன்னும் மெதுவா. பெத்த பொண்ணு பேசற மாதிரி இருக்கணும்.”

“இவருக்கு ஒண்ணும் தெரியலடி” என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டு வந்தாள். ஆனாலும் கேட்டபடியே செய்து கொடுத்தாள். ‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து காத்திருக்கவும்’ என்று அவள் அலமாரிக்குள் சொன்னபோது வெளியே நின்ற எனக்கே அப்படியே உட்கார்ந்துகொள்ளலாம் போலிருந்தது. அப்படி ஒரு குழைவு.

சில மாதம் கழித்து செண்ட்டு இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கே வந்தான். “மேடம், உங்க குரல் வந்ததுக்கப்புறம் கம்ப்ளெய்ன்ட் பாதிக்குப் பாதி குறைஞ்சிடுச்சு!” என்று பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். நாங்கள் என்ன நினைத்தோம்? கம்ப்ளெய்ன்ட் குறைந்தால் மெஷின் நல்ல மெஷின் என்றுதானே நினைப்போம்? அப்பாவுக்கு அப்போதுதான் நுரையீரல் மோசமாகி, வீட்டில் ஆக்சிஜன் வைக்கச் சொல்லியிருந்தார்கள். அம்மா போன பிறகு எங்களுக்கு இருப்பது அவர் ஒருத்தர். “நம்ம மெஷினையே வெச்சிக்கோங்க, உங்களுக்கில்லாததா?” என்றான். வைத்துக்கொண்டோம். எங்கள் தலையில் நாங்களே மிளகாய் அரைத்துக்கொண்டோம்.

ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது மெஷின் கத்த ஆரம்பித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். நான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன். அது வருவதற்குள் ஏதாவது செய்யலாமே என்று அக்கா கம்பெனிக்கு அடித்தாள். ஃபோனைக் கட்டிலில் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

‘வணக்கம். உங்கள் சுவாசம், எங்கள் பொறுப்பு’ என்று ஆரம்பித்தது அவளுடைய குரல்.

ஒன்பது வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. நடுவில் அழுத்தினால் எடுத்துக்கொள்ளாது. அதற்குள் அப்பாவின் உதடு நீலம் பாய்ந்துவிட்டது. பிறகு அடியில் இருக்கும் எண். அந்தக் கனமான மெஷினை நான் சாய்த்துப் பிடிக்க, அக்கா தரையில் குப்புறப்படுத்து, கண்ணைச் சுருக்கிப் படித்துப் படித்து அழுத்தினாள்.

‘தவறான எண். தயவுசெய்து மீண்டும் முயலவும்’ என்றது அவள் குரல். தேன் வழிந்தது. மறுபடி முதலிலிருந்து வணக்கம்.

அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஃபோனைப் பார்த்தார், தரையில் கிடக்கும் மகளைப் பார்த்தார். மூச்சுக்கு நடுவே ஒவ்வொரு சொல்லாகத் தள்ளினார்.

“நீதானேம்மா... பேசறே? நீயே... சொல்லிடேன்மா... மெஷின் ஓடலன்னு.”

ஐயோ! அந்த நிமிஷம் அக்காவின் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது. ஃபோனைத் தூக்கிச் சுவரில் அடித்தேன். அப்போதும் அது நிற்காமல், உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம் என்றது.

ஆம்புலன்ஸ் வந்து, அப்பா பிழைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, ஆளைப் பிடித்து ஆளைப் பிடித்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தோம். அவர் மெஷினின் பின்பக்கத்திலிருந்து உள்ளங்கை அளவு பஞ்சு ஒன்றை உருவினார். அழுக்கு, முடி, தூசி எல்லாம் திரண்டு எலி மாதிரி இருந்தது. “ஃபில்டர் அடைச்சிருக்கும்மா. கழுவிக் காயவெச்சு மாட்டினா ஓடும். அதுக்குத்தான் கூடவே இன்னொண்ணு குடுப்பாங்களே, குடுக்கலையா?” என்றார்.

அவ்வளவுதான்! ஒரே ஒரு வரி. ஃபோனில் யாராவது ஒருத்தர் அந்த ஒரு வரியைச் சொல்லியிருந்தால் போதும்.

அக்கா அந்த அழுக்குப் பஞ்சைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தாள். “அவனுக்கு ஒண்ணும் தெரியலன்னு நெனச்சேன்டி. எல்லாம் தெரிஞ்சுதான் கேட்டிருக்கான். கம்ப்ளெய்ன்ட் குறையல. சொல்ல முடியாம ஃபோனை வெச்சுடறாங்க. கூப்பிடறவங்க கத்தினா அவன் பதில் சொல்லணும், ஃபோன்ல அன்பாப் பேசினா யாருக்கும் கத்தத் தோணாது. அவனுக்கு வேணுங்கறது அதுதான். எனக்குத்தான் அது கடைசி வரைக்கும் தெரியல” என்றாள். எழுந்து போய் அதைக் குழாயடியில் வைத்துக் கழுவினாள். அவன் கொடுத்த இனிப்புப் பெட்டி வேறு ஃபிரிட்ஜில் பாதி மிச்சமிருந்தது. தூ! குப்பையில் கொட்டினேன்.

அந்த வாரமே செண்ட்டு ஆள் விட்டு ஒரு வேலை கொடுத்தான். புது மாடல் வருகிறதாம், வரவேற்பில் ஒரு வரி சேர்க்க வேண்டுமாம். அக்கா மறு பேச்சில்லாமல் அலமாரிக்குள் போனாள். நான் ஃபேனை நிறுத்தினேன். இந்த முறை குரலில் குழைவே இல்லை. பக்கத்து வீட்டுக்காரியிடம் அவசரமாகச் சொல்கிற மாதிரி சொன்னாள்:

‘மூச்சுத் திணறினால் ஃபோனை வைத்துவிட்டு முதலில் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். மெஷின் கத்தினால் பின்பக்கம் ஃபில்டர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். ஆளிடம் பேச வேண்டுமென்றால் மேலாளரின் எண் இது.’ செண்ட்டின் சொந்தக் கைபேசி எண்ணை நிதானமாக இரண்டு தடவை சொன்னாள்.

அனுப்பினாள். அவர்களும் அப்படியே ஏற்றிவிட்டார்கள். அந்தக் கம்பெனியில் ஒருத்தராவது அதைக் காதில் போட்டுக் கேட்டிருந்தால்தானே!

ஒரு நாள் கூடத் தாங்கவில்லை, செண்ட்டு கூப்பிட்டான். “என்ன மேடம் பண்ணி வெச்சிருக்கீங்க? விடிஞ்சதிலேருந்து ஃபோன் ஓயல! நிம்மதியா ஒரு வாய் டீ குடிக்க முடியல!”

“என்ன சார் சொல்றாங்க?”

“மெஷின் ஓடலன்னு உயிரை வாங்கறாங்க!”

“உயிர் போறவங்க வேற எப்படி சார் பேசுவாங்க?” என்றாள் அக்கா.

எதிர்முனையில் அவன் பேசியதை எழுத முடியாது. ‘கிளையன்ட்டின் தேவையைப் புரிந்துகொள்ளத் தெரியாதவள்’ என்பது அதில் ஒன்று. நான் ஃபோனைப் பிடுங்கி என் பங்குக்குக் கொடுத்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்; அன்றைக்கு அது நன்றாகப் பயன்பட்டது.

நாங்கள் மெஷினைத் திருப்பிக் கொடுத்து, வேறு இடத்தில் எடுத்தோம். அப்புறம் ஒரு நாள் கை அரித்து அந்த எண்ணுக்கு அடித்துப் பார்த்தேன். வணக்கம், உங்கள் சுவாசம், எங்கள் பொறுப்பு. வேறொரு பெண். அக்காவைவிடக் குழைவு. மெஷின் ஓடவில்லையென்றால் ஒன்பது.

அதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லி என்ன ஆகப்போகிறது? அக்கா மறுபடி பல் டாக்டருக்கும் மற்றவர்களுக்கும் பேசிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் ஒரு நாள் அப்பா கட்டிலிலிருந்து தண்ணீர் கேட்டார். அக்கா அடுப்படியில் கை வேலையாக இருந்தாள். “கொஞ்சம் இருங்கப்பா, இதோ வந்துடறேன்” என்று குரல் கொடுத்தாள். பெற்ற பெண் பேசுகிற மாதிரி, அன்பாக, மெதுவாக.

“எத்தனையை அழுத்தணும்மா?” என்றார் அப்பா.

கிண்டலுக்குத்தான் கேட்டார். கேட்டுவிட்டு அவரே சிரித்தார், இருமல் வருகிற வரைக்கும். அக்கா போட்டது போட்டபடி, ஈரக் கையோடு தண்ணீர் டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். அதிலிருந்து அப்பா எது கேட்டாலும் அவள் பதில் சொல்வதில்லை. வாயைத் திறக்காமல் எழுந்து ஓடுகிறாள்.