அபூதாஹிரின் வேனுக்கு ஓர் அலாரம்

அபூதாஹிருக்குச் சொத்தென்று இருந்தது ஒரு பழைய வேன். மனைவி மைமூனா தன் கழுத்தில் கையில் கிடந்ததையெல்லாம் விற்று வாங்கிக் கொடுத்தது. கிண்ணியாவில் அந்த வீட்டு உலை கொதிப்பதும், பிள்ளைகள் பள்ளிக்கூடம் போவதும் அதன் புண்ணியத்தில்தான். மூதூரில் ஒரு வேன் களவு போன செய்தி வந்த நாளிலிருந்து மனுசனுக்கு நித்திரை இல்லை. சோறு இறங்கவில்லை.

அலாரம் பூட்டலாம் என்றால், விலையைக் கேட்டதும் தலை சுற்றியது.

"சுண்டைக்காய் கால்பணம், சுமைகூலி முக்கால்பணம். இந்தத் தகரத்துக்கு அலாரமா?"

"வேன் போனா நாம எங்க போற? ஒரு மாசம் மீன் இல்லாம சோறு திண்டா செத்தா போவம்? பூட்டுங்க," என்றாள் மைமூனா.

அவள் சொன்னதே நடந்தது. டவுனில் ஸாஜித் என்பவர் அலாரத்தைப் பூட்டி, சின்ன ரிமோட் ஒன்றைக் கையில் கொடுத்தார். "ஆராவது வேனைத் தொட்டா கத்தும். இத அமத்தினாத்தான் சத்தம் அடங்கும். துலைச்சிராதீங்க நானா." தொலைத்துவிடுவோமோ என்ற பயத்தில் அபூதாஹிர் அதைச் சாவி வளையத்திலேயே கோர்த்துவிட்டார்.

மறுநாள் காலை மீன் ஏற்றத் துறைக்குப் போனார். அங்கே பாதை ஒன்றுதான், அதுவும் ஒடுக்கம். ஐஸ் லொறி வந்தால் குறுக்கே நிற்கும் வண்டியை யாராவது எடுத்து ஒதுக்க வேண்டும். அதனால் எல்லோரும் சாவியை வண்டியிலேயே விட்டுப் போவார்கள். சாவியைக் கொண்டுபோகிறவனுக்கு விழும் ஏச்சைக் காதால் கேட்க ஏலாது. எத்தனையோ வருடப் பழக்கம். அபூதாஹிரும் பாவி மனுசன், சாவியை விட்டுவிட்டுத்தான் இறங்கினார்.

மீன் பெட்டியோடு திரும்பினால் வேன் இல்லை. ஒதுக்கி விட்டிருப்பார்கள் என்று முதலில் நடந்து தேடினார். பிறகு ஓடினார். ஐஸ் உடைக்கும் வீரக்குட்டியைப் பிடித்து உலுக்கினார்.

"ஓம் நானா, ஒருத்தன் எடுத்தவன்." வீரக்குட்டிக்கு முகம் செத்துப்போயிற்று. "லொறிக்கு வழி விடுறான் எண்டு நினைச்சு, நான்தான் கைகாட்டி ரிவேர்ஸ் எடுக்க விட்டனான்."

அபூதாஹிர் மீன் தண்ணீர் தேங்கிய தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். போன் அடித்தது. மைமூனா.

"என்னங்க, பக்கத்து ஊட்டு சித்தி பரீதாவும் அலாரம் பூட்டப் போறாவாம். நம்மட கத்தினதா எண்டு கேக்கிறா."



"கத்தல்ல."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றாள் மைமூனா. "அப்ப ஆரும் தொடல்ல."