அக்கா பக்கத்து ஜன்னல்

கள்ளிக்குப்பத்தில் என் அக்காவும் மாமாவும் குடியிருக்கும் வாடகை வீட்டின் கூடத்தில், தொலைக்காட்சிப் பெட்டிக்கும் அலமாரிக்கும் இடையே, ஒரு ஜன்னல் சுவரில் சாய்ந்து நிற்கிறது. வீட்டுக்கு உரிய ஜன்னல் அன்று. அலுமினியச் சட்டமும், ஓரத்தில் கறுப்பு ரப்பரும், ஒன்றன்மேல் ஒன்று நகரும் இரண்டு கண்ணாடிகளும் கொண்டது. பேருந்துகளில் நாம் காணும் ஜன்னலினும் ஏறத்தாழ இருமடங்கு அகலம். புதிதாக வருகிறவர்கள் அதை முகம் பார்க்கும் கண்ணாடி என்று எண்ணி, தலைமுடியைச் சரிசெய்யக் கையை உயர்த்திவிட்டு, அப்பால் சுவர் தெரிவதைக் கண்டு கையை இறக்கிக்கொள்வார்கள். எதற்கு இது என்று கேட்டால் மாமா, "சும்மா கெடக்கு" என்பார். அக்கா அங்கே இருந்தால் அதையும் சொல்லமாட்டார்.

மாமா ஆவடியில் போர் ஊர்திகள் செய்யும் தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுதும் அவர் கண்டது கனத்த இரும்பு. விரல் தடிமன் கொண்ட தகடு அவருடைய பேச்சில் மெல்லிய தகடு. வீட்டில் நாற்காலியின் கால் உடைந்தாலும், பக்கத்து வீட்டுக் கதவு தொங்கினாலும், "இரும்பு சொன்ன பேச்சக் கேக்கும் மாப்ள" என்று சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்குவார். அக்காளின் தம்பியாகிய என்னை அவர் அப்படித்தான் அழைப்பார். அந்தச் சொல்லில் செருக்கு இருந்ததில்லை. தம் கைக்கு அடங்கிய ஒன்றைப் பற்றி ஒருவர் கொள்ளும் அமைதியே இருந்தது.

அக்கா மணமாகி வந்ததே தொழிற்சாலைக் குடியிருப்புக்குத்தான். அங்கே பக்கத்து வீடு என்பது வேறொரு ஊர். மாடிப்படியின் ஒருபுறம் வேலூர், எதிரே திண்டுக்கல், கீழே நாகர்கோவில். ஒவ்வொரு குடும்பமும் ஓய்வு பெற்றுச் சொந்த ஊருக்குக் கிளம்பும்போது, லாரியில் ஏற்ற இயலாத பூந்தொட்டிகளை அண்டை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டுப் போவது குடியிருப்பின் வழக்கம். தொட்டியைக் கையில் கொடுக்கும்போதே, "கண்டிப்பா எங்க ஊருக்கு வரணும்" என்றும் சொல்வார்கள். இப்படிச் சேர்ந்த செடிகளால் அக்காவின் பால்கனி நிறைந்திருந்தது. அவற்றை அவள் ஊர்ப்பெயரால்தான் அழைப்பாள். திண்டுக்கல்லுக்குத் தண்ணீர் ஊற்றினாயா, நாகர்கோவில் பூத்திருக்கிறது பார் என்பாள். அழைத்த ஊர்களில் ஒன்றுக்கும் அவள் போனதில்லை. மாமாவுக்கு ஓய்வு கிடைக்கட்டும் என்று காத்திருந்தாள்.

ஓய்வுக்கு முன்னரே கண் அழுத்த நோய் வந்துவிட்டது. அது பார்வையை ஓரங்களிலிருந்து தின்றுகொண்டு நடுவை நோக்கி வருவது. நேரே வைத்த தட்டு தெரியும். பக்கத்தில் இருக்கும் தண்ணீர்க் குவளை தெரியாது. போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் கொஞ்ச காலம் காக்கலாம் என்றார் மருத்துவர். அக்கா அதைக் கேட்டு அழவில்லை. வீட்டுக்கு வந்து, வேலூரையும் திண்டுக்கல்லையும் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ரயிலில் போகலாமே என்று நான் சொன்னபோது அவள் தந்த மறுமொழி இன்றும் என் காதில் இருக்கிறது: "போயிடலாம்டா. போன எடத்துல என்ன பண்றது? அடுத்தவங்க வீட்ல செவுத்தத் தடவிக்கிட்டு நடக்க என்னால ஆகாது."

வேன் வாங்கும் எண்ணம் அந்தச் சொல்லிலிருந்து பிறந்தது. ஊர் சுற்றும் இளைஞர்கள் வண்டிக்குள்ளேயே சமைத்து உறங்கும் காணொளிகளை மாமா பார்த்திருந்தார். வைத்த பொருள் வைத்த இடத்தில் இருக்கும் சிறிய வீடு. அக்கா அதைக் கையால் பழகிக்கொள்வாள். அந்த வீடு வேலூர்க்காரம்மாளின் வாசலில் போய் நிற்கும். பகலெல்லாம் தோழியுடன் இருந்துவிட்டு, இரவு தன் இடத்துக்கு வந்துவிடலாம். குறை காண முடியாத ஏற்பாடாகவே எனக்கும் தோன்றியது.

மண்ணூர்ப்பேட்டையில் பழைய வண்டிகள் நிற்கும் ஒரு பட்டறையில் அந்த வேன் கிடைத்தது. பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிய வண்டி. பெருந்தொற்றுக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்தபோது நின்றது. அதற்குப் பிறகும் எடுப்பாரில்லாமல் நின்றது. மஞ்சள் வண்ணம் வெளுத்திருந்ததே தவிர, மிகுதியாக ஓடாத வண்டி என்பதுதான் மாமாவின் கணக்கு. அங்கிருந்த மெக்கானிக் வாயில் பாக்கை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்: "ஓடுன வண்டிய நம்பலாம் நைனா. நின்ன வண்டி உள்ள இன்னா பண்ணிக்கினு கீதுன்னு அதுக்கே தெரியாது." மாமா சிரித்தார். மெக்கானிக்கும் சிரித்தார். வண்டி கைமாறியது.

இதற்குள் குடியிருப்பைக் காலிசெய்ய வேண்டியதாயிற்று. கள்ளிக்குப்பத்தில் இந்த வீட்டைப் பிடித்ததற்குக் காரணம், பக்கத்தில் வண்டி நிறுத்த ஒரு வெற்றுமனை இருந்ததுதான். சில மாதங்களுக்கு மட்டும் என்று சொல்லிக் குடிவந்தார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு, மாமா ஒரு கட்டில், அடுப்பு மேடை, தண்ணீர்த் தொட்டி, தரையில் பலகை, பலகைமேல் வழவழப்பான விரிப்பு என்று ஒவ்வொன்றாக அமைத்தார். அக்கா உள்ளே ஏறிக் கண்ணை மூடிக்கொண்டு ஒத்திகை பார்ப்பாள். தேயிலை டப்பா, அடுத்து சர்க்கரை, கீழே தீப்பெட்டி. "உங்க வீட்ட விட இதுதான்டா எனக்குப் பெரிசு" என்று என்னைக் கேலி செய்தாள்.

இறுதியாக ஜன்னல். பள்ளி வண்டியின் ஜன்னல்கள் சிறியவை, கம்பி போட்டவை. அக்காவுக்கு எஞ்சியிருந்த பார்வையோ ஒரு குழாய்க்குள் நோக்குவது போன்றது. அவள் உட்காரும் இடப்பக்கத்தில், தலையைத் திருப்பும் இடமெல்லாம் வெளி தெரிய வேண்டும் என்று மாமா விரும்பினார். அடுத்தடுத்திருந்த இரண்டு சிறு ஜன்னல்களையும் அவற்றுக்கு இடையிலும் பக்கத்திலும் நின்ற சட்டங்களையும் வெட்டி எடுத்துவிட்டு, அகன்ற ஒரே ஜன்னலைப் பொருத்தினார். வெட்டு அத்தனை நேர்த்தி. அரத்தால் தேய்த்த விளிம்பில் விரலை ஓட்டினால் நூல் பிசகு தெரியாது. அக்கா உட்கார்ந்து பார்த்தாள். எதிரே முள்வேலியும் ஒரு முருங்கை மரமும். "சினிமா மாதிரி இருக்கு" என்றாள்.

அதன் பிறகு வண்டி தன் நோய்களைக் காட்டத் தொடங்கியது. முதலில் செல்ஃப் எடுக்கவில்லை. சாவியைத் திருகினால் ஒரு முனகல் மட்டும் வந்தது. ஒயர்களை எலி கடித்திருந்தது. அதைச் சரிசெய்து நகர்த்தினால் பின்சக்கரம் சுழல மறுத்தது. நின்ற நிலையிலேயே பிரேக் பிடித்துத் துருவேறியிருந்தது. அதை விடுவித்ததும் எஞ்சின் விக்கி விக்கி நின்றது. டீசல் தொட்டிக்குள் துரு உதிர்ந்து குழாயை அடைத்திருந்தது. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் பெரிய குறையே அன்று. நின்ற வண்டி வாங்குகிற எல்லாரும் படுகிற பாடுதான் என்றார் மெக்கானிக். ஆனால் ஒன்று முடிந்த பிறகே அடுத்தது தெரியவந்தது. ஒவ்வொன்றும் சில வாரங்களைத் தின்றது. அந்த வாரங்களில் அக்காவின் பார்வை தானும் சிறிது சுருங்கிக்கொண்டது. முருங்கை மரத்தின் உச்சி தெரிகிறது, கிளைகள் எங்கே என்று ஒருநாள் கேட்டாள். வேலூர்க்காரம்மாள் தொலைபேசியில், "இன்னாக்கா, உங்களுக்குன்னு வளத்த கோழி கெழடாயிடுச்சி. எப்பதான் வரீங்க?" என்பார். "இந்தா, பிரேக்குதான் பாக்கி" என்பாள் அக்கா.

ஒருவழியாக ஒரு காலையில் கிளம்பினோம். நானும் உடன் போனேன். பூந்தமல்லி வரை வண்டி ஒழுங்காக வந்தது. மாமா சன்னமாகச் சீட்டி அடித்தார். நெடுஞ்சாலையில் ஏறி வேகம் எடுத்த சிறிது தொலைவிலேயே சூட்டைக் காட்டும் முள் எழுந்துவிட்டது. முன்பக்கமிருந்து ஆவி வந்தது. ஓரமாக நிறுத்தினோம். ரேடியேட்டர் ஆறட்டும் என்று கீழே இறங்கப் போனால், பக்கவாட்டில் நகரும் கதவு திறக்கவில்லை. உள்ளிருந்து தோளால் இடித்துத் திறந்தேன். திறந்த கதவு பிறகு மூடவில்லை. மெக்கானிக்குக்குச் சொல்லி, அவர் இழுவை வண்டியோடு வரும்வரை பகல் முழுதும் அங்கேயே கிடந்தோம். ஜன்னலுக்கு எதிரே ஒரு பஞ்சர் கடை; பக்கத்தில் கட்டியிருந்த எருமை. அக்கா அவற்றை வைத்த கண் வாங்காமல் பார்த்தாள். "அந்த ஆளு டயரத் தண்ணில அமுக்கி அமுக்கிப் பாக்கறான், ஓட்ட கெடைக்கவே இல்ல போலிருக்கு" என்று சிரித்தாள். அந்த அகன்ற ஜன்னல் அவளுக்குக் காட்டிய வெளியூர் அது ஒன்றே.

ரேடியேட்டர் மாறியது. ஹெட் கேஸ்கட் மாறியது. கதவுதான் பிடிவாதம் செய்தது. உருளைகள் தேய்ந்துவிட்டன என்று மெக்கானிக் புதியன போட்டார்; ஒரு சுற்று ஓட்டிவந்ததும் மீண்டும் சிக்கியது. கதவு ஓடும் தண்டவாளத்தை நிமிர்த்தினார், மீண்டும் சிக்கியது. பல வாரங்கள் கழித்து, வெற்றுமனையில் வண்டியை ஜாக்கியில் தூக்கியபோதுதான் உண்மை தெரிந்தது. சக்கரம் எழும்ப எழும்பக் கதவின் இடைவெளி வாய் கோணுவதுபோலக் கோணியது. மெக்கானிக் எழுந்து, வண்டியைச் சுற்றி வந்து, ஜன்னலுக்கு முன் நின்றார். "இங்க ரெண்டு பில்லர் இருந்திருக்குமே. யாரு வெட்டுனது?" என்றார். மாமா தாம்தான் என்றார். "வண்டிய நிக்க வெக்கறதே அதுதான் நைனா. தகடு சும்மா சட்ட மாதிரி. எலும்ப வெட்டிட்டு சட்டைய மாட்டினா எப்டி நிக்கும்? எனக்கும் இத்தினி நாளு தோணலியே. எஃப்.சி.க்கு இட்டுகினு போனா திருப்பி அனுப்பிடுவான்."

தகடே தாங்கும் ஊர்திகளைச் செய்த கைகள் மாமாவுடையவை. அங்கே எங்கே வெட்டினாலும் எஞ்சிய இரும்பு நின்றது. எலும்புதான் எல்லாம், தகடு வெறும் தோல் என்னும் ஓர் உடம்பை அவர் அதுவரை தொட்டதில்லை. அவர் வெட்டிய விளிம்பில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

அக்கா அப்போது வண்டிக்குள் இருந்தாள். எல்லாம் கேட்டுவிட்டது. உள்ளிருந்தபடியே, "அடைச்சிட்டா சரியாயிடுமா?" என்று கேட்டாள்.

"பழையபடி பில்லர் உட்டு அடைச்சா ஓடும்மா" என்றார் மெக்கானிக்.

"அப்ப அடைச்சிடுங்க. எனக்கு இப்ப முருங்க மரமே தெரியல. ஜன்னல் எதுக்கு?"

மாமா திரும்பிப் பாராமல், "மழை வர்ற மாதிரி இருக்கு, எறங்கு" என்றார். அந்த உரையாடல் அவ்வளவே.

அவர் அடைக்கவில்லை. வண்டி ஓடத் தகுதியானது என்னும் எஃப்.சி. சான்றின் காலமும் முடிந்துபோயிற்று. கண்ணாடியை அப்படியே வைத்துக்கொண்டு, மேலும் கீழும் கோண இரும்பு கொடுத்துப் பார்த்தார். கனம் கூடிப் பின் ஸ்பிரிங் பட்டைகள் படுத்துவிட்டன. பட்டைகளை மாற்றினார், கதவு மறுபடியும் கோணியது. அக்கா அவ்வப்போது, "அடைச்சிட்டீங்களாங்க?" என்று கேட்பாள். "அடைக்கறதுக்கா வெட்டினேன்?" என்று ஒருமுறை சீறினார், நான் கேட்ட ஒரே சினச்சொல் அது. ஜன்னலை அடைக்கும் நாள், இனி அவளுக்குப் பார்வை இல்லை என்று தாமே தம் கையால் எழுதிக் கையெழுத்திடும் நாள் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். நான் கேட்டதில்லை. இதற்குள் மழைக்காலம் வந்தது. கள்ளிக்குப்பத்து வெற்றுமனைகளில் தண்ணீர் எளிதில் வடிவதில்லை. வண்டி முழங்கால் நீரில் நின்றது. கோணிய சட்டத்துக்கும் ரப்பருக்கும் இடையே விழுந்த பிளவின் வழியாக மழை உள்ளே இறங்கி, விரிப்புக்கும் பலகைக்கும் அடியில் தங்கிக்கொண்டது.

தண்ணீர் வடிந்த பிறகு ஒருநாள், மாமா இரண்டு சட்டங்களும் ஒரு தகடும் வாங்கி வந்தார். அக்காவிடம், "அடைச்சிடறேன்" என்று மட்டும் சொன்னார். அதற்கு முந்திய வாரத்தில்தான், பகலா இரவா என்று அவள் என்னைக் கேட்டிருந்தாள். மெக்கானிக் வந்து, சட்டங்களின் அடிப்பகுதியைப் பற்றவைக்க விரிப்பை உரித்துப் பலகையைத் தூக்கினார். காலை ஊன்றியவர், இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்வாங்கினார். தரை அப்பளம்போல் உடைந்து, கீழே மனையின் சேறு தெரிந்தது. சுத்தியால் அங்கும் இங்கும் தட்டிப் பார்த்தார். தட்டிய இடமெல்லாம் உதிர்ந்தது. "ஒட்ட வெக்கறதுக்கு இரும்பு வோணும் நைனா. இதுல இரும்பே இல்ல" என்றார். மாமா தம் வழக்கமான சொல்லைச் சொல்வார் என்று ஒரு கணம் எதிர்பார்த்தேன். அவர் வெல்டிங் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

காயலான் கடைக்காரர்கள் வந்து வண்டியை அங்கேயே துண்டுபோட்டு எடுத்துச் சென்றார்கள். அதற்கு முன் மாமா ஜன்னலை மட்டும் கழற்றி எடுத்துவந்து, கூடத்துச் சுவரில் சாய்த்தார். வெற்றுமனையில் இப்போது வீடு எழுகிறது. வேலூர்க்காரம்மாள் இப்போதெல்லாம் அழைப்பதில்லை. அழைத்தாலும் கோழியைப் பற்றிப் பேசுவதில்லை. அக்கா இந்த வீட்டிலும் சுவரைத் தடவித்தான் நடக்கிறாள். இது அவளுக்குப் பழக்கமாகாத வீடு. தேயிலை டப்பா எங்கே இருக்கிறது என்பது அவளுடைய கைக்கு இன்னும் அந்த வண்டியில்தான் தெரியும். சமையலறையில் நின்று இல்லாத அலமாரியை நோக்கிக் கையை நீட்டி, வெறுங்காற்றைத் தொட்டு, மடக்கிக்கொள்வதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நான் போனபோது, அவள் தரையில் அமர்ந்து பழைய வேட்டித் துண்டால் அந்த ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மூலை முடுக்கெல்லாம் விரலால் தேடித் தேடித் துடைத்தாள். மாமா வாசலில் நாளிதழை விரித்துக்கொண்டு எங்களுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"தெளிவா இருக்கா பாருடா" என்றாள். "இவரக் கேட்டா வாயத் தெறக்க மாட்டேங்கறாரு."

நான் குனிந்து பார்த்தேன். "தெளிவா இருக்குக்கா" என்றேன். கண்ணாடிக்கு அப்பால், சுண்ணாம்பு பெயர்ந்த சுவர் துல்லியமாகத் தெரிந்தது.