மேருவுக்குப் போன பால் சுறா

போன மாதம் தங்கை குளோரிக்குக் குழந்தை பிறந்தது. நான்காம் நாள் நான் பட்டர்வொர்த்திலிருந்து கிள்ளானுக்குக் கிளம்பினேன். அம்மா இறந்துபோன பிறகு எங்கள் வீட்டில் முதல் பிரசவம். அம்மா இருந்திருந்தால் பத்தியம் யார் சமைப்பது என்ற பேச்சே வந்திருக்காது. இனி அது என் வேலை என்று நானே முடிவு செய்துகொண்டேன். பால் ஊறுவதற்காக இரண்டு கிலோ பால் சுறாவை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டேன்.

காலை எட்டு மணி ரயில் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரலுக்குப் போய்ச் சேர நாலேகால் மணி நேரம் ஆனது. பக்கத்து இருக்கைப் பெண் பாதி வழியில் எழுந்து வேறு இடம் போய்விட்டார். மீனோடு போகிறவர்கள் மூடியை டேப் போட்டு ஒட்டிவிடுங்கள். சென்ட்ரலிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் நடக்கிற தூரம்தான். வாழையிலைச் சாப்பாடு பதினான்கு மலேசிய வெள்ளி. நல்லெண்ணெய், பூண்டு எல்லாம் அங்கேயே கிடைக்கும். பிறகு கொமூட்டர் ரயிலில் கிள்ளானுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல். அங்கிருந்து குளோரி வீடு இருக்கும் மேருவுக்குக் கிராப் டாக்சி பிடித்தேன்.

"என்னக்கா, பெட்டியில மீனா?" என்றார் டிரைவர்.

"தங்கச்சிக்குப் பிள்ளை பொறந்திருக்கு. சுறா."

"அப்ப ஜன்னல தொறந்துக்கலாம். பரவால்ல லா."

வீட்டுக்குள் நுழைந்து ஃபிரீசரைத் திறந்தால், உள்ளே ஏற்கெனவே மூன்று பொட்டலம் பால் சுறா. அடுப்பில் பூண்டுக் குழம்பு கொதிக்கிறது. மேசையில் குளோரி போகிற சர்ச் சபையின் சீன ஆன்டி ஒருவர் கொடுத்துவிட்டுப் போன இஞ்சிக் கோழி. குளோரியின் வெள்ளிக்கிழமை ஜெபக்குழுப் பெண்கள் நாள் பிரித்துக்கொண்டு சமைக்கிறார்கள். அவள் கணவர் டேனியலுக்குத் துறைமுகத்தில் ஷிப்ட் வேலை. வீட்டுச் சாவி இன்றைக்கு யாரிடம் என்று அவருக்கே தெரியாது.

எனக்குச் சுருக்கென்றது. கூடப்பிறந்தவள் நான் மீன் பெட்டியோடு நிற்கிறேன், யார் யாரோ சமைக்கிறார்கள். அன்றைய முறை சாந்தி அக்காவுடையது. பக்கத்து ஊர் காப்பாரிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார். "நாளையிலிருந்து நீங்க யாரும் சிரமப்பட வேணாம்க்கா, நான் வந்துட்டேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. கரண்டியையும் கொடுக்கவில்லை.

"சமைக்கவா இவ்ளோ தூரம் வந்தீங்க? உள்ள போய் அவகிட்ட உக்காருங்க. நாலு நாளா எங்ககிட்ட சிரிச்சுக்கிட்டே இருக்கா, ஒரு தடவகூட அழல. எனக்கு அதான் பயமா இருக்கு."

உள்ளே போனேன். "ஏன் இவ்ளோ லேட்டு?" என்று குளோரி எரிந்து விழுந்தாள். அடுத்த நிமிடம், "அம்மா இல்லல்ல அக்கா" என்று என் தோளில் சாய்ந்து அழத் தொடங்கினாள். நானும் அழுதேன். குழந்தை மட்டும் நிம்மதியாகத் தூங்கியது. சாந்தி அக்கா எங்களைச் சாப்பிடக் கூப்பிடவே இல்லை. நாங்கள் வெளியே வந்தபோது குழம்பை மறுபடி சூடாக்கிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்த ஒரு வாரத்தில் ஒருநாள்தான் எனக்கு அடுப்பு கிடைத்தது. சுறாப்புட்டு செய்து எல்லோருக்கும் வைத்தேன். "உப்பு கொஞ்சம் பத்தல" என்றார் சாந்தி அக்கா. சொந்தக்காரர்கள்தான் இப்படி முகத்துக்கு நேரே சொல்வார்கள். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கிளம்பும்போது, "அங்க எந்தச் சபைக்குப் போறீங்க?" என்று கேட்டார். சொன்னேன். ஞாயிறு ஆராதனையில் கடைசிப் பாட்டு முடியும் முன்பே கார் சாவியைத் தேடுகிற ஆள் நான் என்பதைச் சொல்லவில்லை.

பட்டர்வொர்த்தில் இறங்கினால், எங்கள் சபையில் முன்வரிசையில் உட்காரும் ஒரு பெண் டிபன் கேரியரோடு நிற்கிறார். "கிள்ளான்லருந்து போன் வந்துச்சு. களைச்சுப் போய் வருவீங்கன்னு சொன்னாங்க. இன்னிக்கு வீட்ல சமைக்க வேணாம்." பல வருடமாகப் பார்க்கிற முகம். பெயரை அன்றுதான் கேட்டேன். மேரி.

பிள்ளை பெற்றவளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன்: மீன் அங்கேயே கிடைக்கும். பக்கத்தில் உட்கார நேரம் எடுத்துக்கொண்டு போங்கள்.

கேரியரைக் காலியாகத் திருப்பித் தரக்கூடாது. இந்த ஞாயிறு சுறாப்புட்டு, உப்பு பார்த்துப் போட்டு. கார் சாவி கணவரிடம் இருக்கட்டும்.