கூடைக்குள் உட்கார்ந்த தம்பி

மழை விட்ட காலையில் லயத்து வாசல் சிமெந்து காலடியில் சில்லென்று ஏறும்; அந்தக் குளிர் இன்றும் என் பாதத்துக்குத் தெரியும். அப்புத்தளைக்குக் கீழே இருந்த எங்கள் தேயிலைத் தோட்டத்தில், லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் அழுக்குத் தண்ணீர் ஓடும் வாய்க்காலை "கான்" என்போம். அதன் விளிம்பு ஒரு சாண் அகலம். குதிகாலும் விரலும் தொடத்தொட அதன்மேல் நடப்பதும், உள்ளே விழுந்தவர்களைக் கேலி செய்வதும்தான் ஐம்பதுகளின் நடுவில், ஒன்பது வயதில், எனக்குத் தெரிந்த பெரிய விளையாட்டு.

அந்த வருடம் அம்மா நெருப்புக் காய்ச்சலில் படுத்து எலும்பும் தோலுமாக எழுந்தாள். உடம்பு தேறியும் கால் தேறவில்லை; சமதரையிலேயே ஒரு பக்கம் சாய்ந்தாள். அப்பா முந்தின வருடமே இறந்துவிட்டதால், "காம்பிரா" என்று நாங்கள் சொல்லும் எங்கள் ஒற்றை அறை அம்மா கொழுந்து பறிக்கும் வேலையை நம்பித்தான் இருந்தது. மலையில் ஆட்களை வேலை வாங்கும் கங்காணி வாசலில் வந்து நின்றார். "இந்த மாசம் முடியட்டும்மா. அப்பவும் மலையில நிக்க முடியலைன்னா பேர வெட்டிருவாங்க. காம்பிராவையும் விட வேண்டியதுதான்" என்றவர், எங்கள் முகத்தைப் பாராமல் போனார்.

மறுநாள், நாங்கள் ஆடுவதைச் சுவரைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டிருந்த அம்மா, என்ன நினைத்தாளோ, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கான் விளிம்பில் ஏறினாள். என் தோளைப் பிடித்து நாலு எட்டு. ஐந்தாவதில் இரண்டு பேரும் கானுக்குள். பக்கத்துக் காம்பிரா அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "என்னாக்கா, பாண்டி ஆடுற வயசா இது?" எனக்கு அழுகை வந்துவிட்டது. அம்மாவோ காலைக் கழுவிக்கொண்டு மறுபடி ஏறினாள்.

பத்து நாளில் என் தோள் அவளுக்குத் தேவைப்படவில்லை. பிறகு கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில் மாட்டி, வெறுங்கூடையை முதுகில் தொங்கவிட்டு நடந்தாள். ஆனால் கொழுந்து நிறைந்தால் கூடை பின்னுக்கு இழுக்குமே என்று பயம். பாரத்துக்கு எங்கே போவது? மூன்று வயதுத் தம்பியைத் தூக்கிக் கூடைக்குள் வைத்தேன். அவன் எட்டிப் பார்ப்பான், குதிப்பான், அம்மாவின் கொண்டையைப் பிடித்து இழுப்பான். அவன் ஒரு பக்கம் சாய்ந்தால் அம்மா முழங்காலை மடக்கி மறுபக்கம் நிதானித்துக்கொள்வாள். சிரித்த அக்காவே சில நாளில் எங்கள் பின்னால் நடக்க ஆரம்பித்து, "இப்பல்லாம் இறக்கத்துல கால் வழுக்குறதில்ல" என்று ஊரெல்லாம் சொன்னாள்.

மாதக் கடைசியில் அம்மா மலையேறினாள். பள்ளி விடுமுறை என்பதால் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நான் மலையடியில் நின்றேன். நிறைந்த கூடையோடு அவள் இறங்கியபோது, ஈரக்கல் ஒன்று காலடியில் உருண்டது. அம்மா சாய்ந்தாள். ஒரு முழங்கால் மடங்கியது, ஒரு கை விரிந்தது, நின்றுவிட்டாள்.

"நின்னுட்டியேம்மா!" என்று கத்தினார் கங்காணி.

"கொழுந்து சும்மா இருக்குங்க. எம்புள்ள இருக்க மாட்டான்" என்றாள் அம்மா. அவள் பெயரை யாரும் வெட்டவில்லை.

அந்த லயத்தை இடித்துவிட்டார்கள். கான் இருந்த இடத்தில் புல் முளைத்திருக்கிறது. அம்மா எழுபது தாண்டியும் கம்பு ஊன்றாமல் நடந்து, போய்ச் சேர்ந்தாள். நானும் தம்பியும் இப்போது பண்டாரவளையில் இருக்கிறோம். சீனி வருத்தத்தில், அதுதான் நீரிழிவில், அவனுக்குப் பாதம் மரத்துப்போய், இரண்டு தரம் விழுந்துவிட்டான். நேர்கோட்டில் நடந்து பழகச் சொன்னார் டாக்டர். "இந்த வயசுல சின்னப்புள்ள ஆட்டமா அக்கா?" என்று முணுமுணுத்தவனுக்காக வீட்டுக்குள் சோக்குக்கட்டியால் கோடு போட்டேன். தினமும் என் தோளைப் பிடித்து நடக்கிறான். நேற்று தோளை விட்டுவிட்டு ஒன்பது எட்டு வைத்தான்.

"நான் கூடைக்குள்ள இருந்தது எனக்கு ஞாபகமே இல்லக்கா" என்றான்.

எனக்கு இருக்கிறது. அவன் சும்மா இருந்திருந்தால், அன்றைக்கு எங்களுக்கு வீடு இருந்திருக்காது.